வலது கீழ் நான்கு

குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தபோது பழைய கம்பளிப் பட்டையின் துண்டு ஒன்று தரையில் விழுந்து இரண்டாகப் பிரிந்தது. ஸ்பானரம்மா அதைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு இரண்டடி நகர்ந்தாள், பிறகு நின்றாள். ஒரு துண்டு எப்படி இரண்டாகும்? கிழிந்திருந்தால் ஓரம் பிசிறாக இருந்திருக்கும். இது ஒட்டியிருந்த இரண்டு காகிதங்கள் விலகியதுபோல் சுத்தமாகத் திறந்துகொண்டு கிடந்தது. குனிந்து எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் அவளுடைய கையெழுத்திலேயே, சிவப்பு மார்க்கரில், 'வலது கீழ் 4' என்று எழுதியிருந்தது.

வெளியே வானம் வெறுமையாக இருந்தது. நாத்தனார் காத்தாடி அந்த விமானத்தை எடுத்துக்கொண்டு போய் எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

ஸ்பானரம்மா என்பது விமானத் திடலில் இருப்பவர்கள் வைத்த பெயர். ஆள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. குரலோ கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வரும். கல்யாணத்துக்கு முன்பே விமான மெக்கானிக் உரிமம் வாங்கியவள். கட்டிக்கொண்டதோ, நாற்காலி மேல் ஏறி மின்விசிறியைத் துடைக்கச் சொன்னாலே தலை சுற்றுகிறது என்கிற ஒரு கணக்கு வாத்தியாரை. அவரைத் தவிர அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பறக்கிற கிறுக்கு உண்டு. மாமனார் கடைசி வருடம் வரை பறந்தார், மகளும் அவரோடு மாறி மாறிப் பறந்தாள். மூன்று வருடத்துக்கு முன் அவர் இறந்த பிறகு விமானம் மகளிடம் வந்தது. அந்த மகள்தான், வாத்தியாரின் தங்கைதான், காத்தாடி. சின்ன வயதில் மொட்டை மாடியை விட்டு இறங்கமாட்டாள் என்று அண்ணன் வைத்த பெயர் முப்பத்தாறு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் முட்டியை மடக்கி உட்காரலாம், அவ்வளவுதான். அதற்கு வயது எழுபத்திரண்டு. ரேடியோ கிடையாது, பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று மூக்கிலிருக்கும் விசிறியைக் கையால் இழுத்துச் சுற்றிவிட்டால்தான் என்ஜின் பிடிக்கும். அந்த என்ஜினைச் சுற்றி மூடுகிற தகர உறைக்குக் கவுலிங் என்று பெயர். என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு உண்டு. கவுலிங்கின் பின் விளிம்பு அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். என்ஜின் ஓடினால் எல்லாம் அதிரும். அதிர்ந்தால் தகரமும் தகரமும் உரசும். உரசிய இடம் பொடியாகி, எண்ணெயில் குழைந்து, அழுதவளின் கண்மை மாதிரி கறுப்பாக வழியும். அந்த உரசலைத் தடுக்கத்தான் இரண்டுக்கும் நடுவே கம்பளிப் பட்டை ஒட்டுவது. இந்த வருடச் சோதனையின்போது பழைய பட்டை காய்ந்து விறைத்துக் கிடந்ததைப் பார்த்து முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினாள். சுரண்டுவதற்கு முன் எது எந்த இடத்தில் இருந்தது என்று துண்டுக்குத் துண்டு எண் போட்டுக்கொண்டாள். படித்த காலத்திலிருந்து வருகிற பழக்கம் அது.

மற்ற எல்லா இடத்திலும் பட்டை ஒரே மடிப்பு. இந்த உள்ளங்கை நீளத்துக்கு மட்டும் இரண்டு. சுரண்டும்போதே தடிப்பாக இருப்பதைக் கவனித்திருந்தாள். மாமனார் எப்போதோ தேய்ந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார், மனிதருக்குப் பழையதைப் பிடுங்கச் சோம்பல் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது. இப்போது கையில் பிரிந்து கிடந்தது ஒட்டுப் போட்ட வேலை இல்லை. மேல் துண்டின் நான்கு ஓரமும் சாய்வாகச் சீவப்பட்டிருந்தது. அளவெடுத்து வெட்டியது. அடியில் இருந்த துண்டோ தேயவே இல்லை. வேண்டுமென்றே, அந்த ஒரு இடத்தில் மட்டும், கவுலிங்கை மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கவைத்திருக்கிறார் அந்த மனிதர். எங்கேயும் ஒரு வார்த்தை எழுதிவைக்கவில்லை.

வலது கீழ் நான்குக்கு நேர் உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சுண்டுவிரலில் பாதி பருமனுக்கு ஒரு பெட்ரோல் குழாய். தடுப்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு வந்து, கவுலிங்கின் மடித்த விளிம்பை ஒட்டியே வளைந்து, கார்ப்புரேட்டருக்குப் போகும். அதற்கு ஒரு சாண் கீழே, கை வைத்தால் தோல் உரிந்துவிடும் சூட்டில், புகைக் குழாய்.

தானாகவே கை மேலங்கியின் பைக்குள் போனது. உள்ளே களிமண் உருண்டை இருந்தது, நேற்று மாலை போட்டபடியே, துளி நசுங்காமல்.

கவுலிங்கை மூடிய பிறகு உள்ளே எதற்கும் எதற்கும் எவ்வளவு இடைவெளி என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உருட்டுகிற கலர் களிமண்ணில் கொஞ்சம் எடுத்துக் குழாய் மேல் வைத்து, கவுலிங்கை மூடி, மறுபடி திறக்க வேண்டும். நசுங்கிய களிமண்ணின் கனம் என்னவோ அதுதான் இடைவெளி. வேலை தொடங்கிய முதல் நாள் அப்படிப் பார்த்து, மூன்று மில்லிமீட்டர் என்று எழுதிவைத்தாள். புதுப் பட்டை ஒட்டியதும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். நேற்று மாலை பார்க்கத்தான் போனாள். களிமண்ணைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் காத்தாடி கொட்டகைக்குள் வந்தாள்.

நாத்தனாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஸ்பானரம்மா ஒரு வேலையை முடித்துக் கையைத் துடைத்ததும் காத்தாடி வந்து அந்த இடம் முழுக்க விரலால் தடவிப் பார்ப்பாள். ஒவ்வொரு திருகு, ஒவ்வொரு விளிம்பு. பறக்கப் போகிறவள் பார்க்கத்தான் வேண்டும், பார்க்காவிட்டால்தான் தப்பு. ஆனால் நியாயம் தெரிவது வேறு, எட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. மாமியார் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தவுடன் யாரோ வந்து முகர்ந்து பார்த்தால் எப்படி எரியும், அப்படி எரிந்தது அவளுக்கு. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாய்விட்டுச் சொல்லியேவிட்டாள். "உங்க தங்கச்சி விரலை வெட்டி ஒரு டப்பாவுல போட்டு வெச்சாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். கணக்கு வாத்தியாருக்கு எதையும் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. அப்படியே கொண்டுபோய்த் தங்கையிடம் ஒப்பித்துவிட்டார்.

அதனால் நேற்று காத்தாடி கொட்டகைக்குள் வந்தபோது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள். விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், எதையும் தொடவில்லை. "நீங்க பார்த்தாச்சுல்ல அண்ணி? அப்ப போதும். மூடிடுங்க" என்றாள். குரலில் கேலி இல்லை. தப்புச் செய்த பிள்ளை சமாதானம் பேச வந்ததுபோல் முகம். எட்டு வருடத்தில் முதல்முறை. அந்த நேரத்தில் 'இரு, நானே இன்னும் பார்க்கவில்லை' என்று சொல்ல எந்த அண்ணிக்கு வாய் வரும்? ஸ்பானரம்மா களிமண்ணைப் பையில் போட்டுக்கொண்டு, கவுலிங்கை ஒரே இழுப்பில் சாத்தி, கொக்கிகளை டக் டக்கென்று பூட்டினாள். நெஞ்சு நிறைந்திருந்தது. அப்புறமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை. மறந்தே போனாள். இன்று காலை விசிறியைச் சுற்றிவிட்டு, கை காட்டி, அனுப்பியும் வைத்தாள்.

அலமாரிக்குப் போய்த் தன் போனை எடுத்து நாத்தனாரின் எண்ணைத் தட்டினாள். பின்னால் பெஞ்சின் மேல் காத்தாடியின் கைப்பைக்குள் மணி அடித்தது. பறக்கும்போது போனை எடுத்துப் போகமாட்டாள் என்பது தெரிந்ததுதான். தெரிந்தும் முழுசாக அடித்து ஓயும்வரை காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஒரு யோசனை வந்தது. அவளுடைய குரலிலேயே, நிதானமாக, புத்திசாலித்தனமாக வந்தது. சோதனை முடிந்த முதல் பறப்பு, இருபது நிமிடம்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பத்து நிமிடம் போய்விட்டது. அந்தக் குழாய் கெட்டி, ஒரு மணி நேரத்தில் தேய்வதில்லை, பத்து மணி நேரம்கூடத் தாங்கும். உரசுகிறதோ என்னவோ, அதுவே நிச்சயமில்லை. காத்தாடி இறங்கியதும் தேநீர் குடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டு, கவுலிங்கைத் திறந்து, இன்னொரு மடிப்பை ஒட்டிவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் தெரியாது. உரிமமும் பிழைக்கும், நேற்று மாலை கிடைத்த நம்பிக்கையும் பிழைக்கும். ஸ்பானரம்மா அந்த யோசனையோடு பத்து எண்ணும் நேரம் நின்றாள். அவ்வளவு நேரம் நின்றோமே என்பதற்காகப் பிற்பாடு அவள் வெட்கப்பட்டாள்.

ஏனென்றால் அவள் மெக்கானிக். என்ஜின் வேகமாக ஓடும்போது சீராக ஓடும், அதிர்வு சின்னதாக இருக்கும். இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும்போதுதான் காய்ச்சல்காரனின் உடம்பு மாதிரி தூக்கித் தூக்கிப் போடும். தேய்ந்து மெலிந்த குழாய் பிளப்பதென்றால் அப்போதுதான் பிளக்கும். கசிவதை அடித்துக்கொண்டு போக வேகமான காற்றும் இருக்காது. பெட்ரோல் நேராகப் புகைக் குழாய் மேல் விழும்.

வாத்தியார் கொட்டகை வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஏங்க! அந்த வெள்ளைப் படுதாவை எடுத்துட்டு வாங்க. சீக்கிரம்!"

"எதுக்கு இப்போ?"

"கவுலிங் பெட்ரோல் குழாய் மேல உட்கார்ந்திருக்கு. நான்தான் சரி பார்க்காம மூடிட்டேன்."

வாத்தியார் சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டார். மூடி போட்டுவிட்டுத்தான் எழுந்தார். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் அவருக்கு ஒழுங்காகச் செய்ய வந்தது. "எங்க வீட்டுக் காத்தாடியா?" என்றார், மேலே வேறு யாரோ பறந்துகொண்டிருப்பதுபோல. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அதில் அவள் எதை எதிர்பார்த்தாளோ, திட்டையோ கேள்வியையோ, அது வரவில்லை. படுதாவை எடுக்க ஓடினார். அவள் தீயணைப்பு சிலிண்டரைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

ரேடியோ இல்லாத விமானத்துக்கு மாமனார் ஒரு பாஷை வைத்திருந்தார். திடல் நடுவில் வெள்ளைப் படுதா விரித்திருந்தால், இறங்காதே, தாழ வந்து என்னைப் பார் என்று அர்த்தம். மற்றதெல்லாம் கையால். விசிறி சுற்றும்போது என்ஜின் இரைச்சலில் காது கேட்காது என்பதால் அந்தக் கைப்பாஷை தினமும் புழக்கத்தில் இருந்தது. முஷ்டியை வெளிப்பக்கம் திருப்பினால் பெட்ரோலைத் திற. உள்பக்கம் திருப்பினால் மூடு. எல்லாம் தரையில் நிற்கும்போது காட்டுவது. ஆகாயத்தில் இருப்பவளுக்குப் பெட்ரோலை மூடு என்று இதுவரை யாரும் காட்டியதில்லை, காட்டுவதற்கு யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

புல்லின் மேல் படுதாவை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். வாத்தியார் மூச்சு வாங்கினார்.

"இறங்கச் சொன்னாப் போதாதா?"

"இறங்கறப்பதான் என்ஜின் ரொம்பக் குலுங்கும். மேலயே பெட்ரோலை மூடிட்டு வரணும்."

"மூடிட்டா என்ஜின் நின்னு போயிடுமே!"

"நிக்கட்டும். மிதந்துக்கிட்டு வரும். நல்லா மிதக்கற விமானம்ங்க அது."

"கொஞ்சம் கிட்டயோ தூரமோ ஆயிட்டா? மறுபடி ஸ்டார்ட் பண்ணணும்னா?"

"பண்ண முடியாது."

வாத்தியார் படுதாவின் ஒரு மூலை சுருங்கியிருந்ததை இழுத்து நேராக்கினார். திடலின் ஒரு பக்கம் மரங்கள், மறு பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் லாரிகள் போகிற சாலை. என்ஜின் இருந்தால் இதெல்லாம் கண்ணிலேயே படாது. ஸ்பானரம்மா இப்போது மரங்களின் உயரத்தை அளந்தாள், வேலியை அளந்தாள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒரு பிடி புல்லைப் பறித்து விட்டுப் பார்த்தாள்.

பதினாறு நிமிடம். பதினேழு. காத்தாடி ஏரிப் பக்கம் போயிருப்பாள், திடலைச் சுற்றியே பற என்றால் கேட்கிற ஆள் இல்லை. எரிச்சல் வந்தது, அந்த எரிச்சல் ஆறுதலாகவும் இருந்தது. பிறகு அது அடங்கி, அதைவிட மோசமான ஒன்று தலையெடுத்தது. அங்கே உரசலே இல்லாவிட்டால்? அந்த இரண்டாவது மடிப்பு வேறு எதற்கோ வைத்ததாக இருந்தால்? நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற என்ஜினை அணைக்கச் சொல்லி, நன்றாக இறங்க வேண்டியவளை மரத்தில் கொண்டுபோய் முட்டவைத்தால்? ஒரு தப்பை மறைக்காமல் இருக்கப் போய் அதைவிடப் பெரிய தப்பைச் செய்கிறோமோ? வாய்விட்டு வேண்டிக்கொள்ளவும் வரவில்லை. பையிலிருந்த களிமண்ணைப் பிடித்து நசுக்கிக்கொண்டே நின்றாள்.

"கேக்குது" என்றார் வாத்தியார்.

முதலில் தேனீ அளவுக்கு, பிறகு தையல் மெஷின் அளவுக்குச் சத்தம் வந்தது. நீல நிற விமானம் மரங்களுக்கு மேலே எட்டிப் பார்த்தது. எப்போதும்போல் திடலை ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வருகிற உயரத்தில் இருந்தது. படுதாவைக் கவனிக்காமல் இறங்க ஆரம்பித்துவிட்டால் முடிந்தது. ஸ்பானரம்மா ஓட ஆரம்பித்தாள். நாற்பத்தைந்து வயது, முட்டியில் வலி, காலில் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ். பஸ் போய்விடும் என்றாலும் நடந்தே போகிறவள் அவள். படுதாவைத் தாண்டி ஓடுபாதையின் நட்டநடுவுக்கு, இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசிக்கொண்டு, கத்தினால் கேட்காது என்று தெரிந்தும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினாள்.

விமானம் சாய்ந்தது. மூக்கு அவள் பக்கம் திரும்பியது. பார்த்துவிட்டாள்.

காத்தாடி ஓடுபாதை நெடுக, தென்னை உயரத்துக்குத் தாழ்ந்து, என்ஜினைக் குறைக்காமல் வந்தாள். ஸ்பானரம்மா காலை அகட்டி நின்று வலது கையை நேராக நீட்டி முஷ்டியை உள்பக்கம் திருப்பினாள். மூடு. மறுபடி திருப்பினாள். மூடு. பிறகு இரண்டு கையையும் சிறகாக விரித்துத் தரையை நோக்கி மெல்ல இறக்கிக் காட்டினாள். அதற்குப் பாஷை இல்லை, அதை அப்போதுதான் கண்டுபிடித்தாள். ஒரு நொடி, ஜன்னலில், காத்தாடியின் முகம் கீழே பார்த்தது. கண் தெரியவில்லை, கண்ணாடிதான் தெரிந்தது. அப்புறம் இரைச்சல் தலைக்கு மேலே போனது, காற்று சேலைத் தலைப்பு மாதிரி மேலங்கியைத் தூக்கி அடித்தது, விமானம் அவளைக் கடந்து மறு கோடிக்குப் போய்விட்டது.

என்ஜின் நிற்கவில்லை.

விமானம் மேலே ஏறியது. முழு வேகத்தில், திடலை விட்டு விலகி, ஏறிக்கொண்டே போனது. வாத்தியார் சிலிண்டரைக் குழந்தையை இடுக்கிக்கொள்வதுபோல் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"போறாளே! புரியலை போல இருக்கு!"

புரியாமல் இல்லை, நம்பவில்லை என்றுதான் ஸ்பானரம்மாவுக்குப் பட்டது. ஏன் நம்ப வேண்டும்? நேற்று நம்பி மூடச் சொன்னதற்கே இந்தக் கதி. நன்றாக ஓடுகிற என்ஜினை நடு வானத்தில் நிறுத்து என்று தரையில் ஒரு குள்ளி குதிக்கிறாள்; காரணம் சொல்ல வழியில்லை; நிறுத்தினால் திரும்பக் கிளப்ப வழியில்லை. அவளே காத்தாடியின் இடத்தில் இருந்தால் நிறுத்தியிருப்பாளா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இன்னும் ஒரு சுற்று ஏறியது விமானம். திடலுக்கு நேர் மேலே வந்து, வட்டமடித்து, இன்னும் ஏறியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உயரம் எடுக்கறா அவ" என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "மிதக்க உயரம் வேணும்ல. உயரம் எடுக்கறா."

சத்தம் நின்றது. படிப்படியாகக் குறையவில்லை. இரண்டு தரம் இருமியது, நின்றது. குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் அவ்வளவுதான். அதன் பிறகு திடலில் ஒரு சத்தமும் இல்லை. சாலையில் ஒரு லாரி கியர் மாற்றுவதுகூடக் கேட்டது. மேலே விசிறி குறுக்கே ஒரு கட்டையாக நின்றுபோயிருந்தது. அவள் வேலை செய்த இத்தனை வருடத்தில் ஆகாயத்தில் விசிறி நின்று பார்த்ததில்லை. வாத்தியார் அண்ணாந்து பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க இருக்கா? சொல்லு. எங்க இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"திரும்பறா. சாலைப் பக்கம் போய்த் திரும்பறா. மரத்துக்கு மேலே வரா. உயரம் அதிகம். அதிகமா இருக்கு, தாண்டிப் போயிடுவா." மூச்சை விட்டாள். "இல்லை. பக்கவாட்டுல சாய்ச்சு உயரத்தைக் கொட்டறா. நேரா வரா. வரா."

விமானம் காற்றின் உஸ்ஸென்ற சத்தத்தோடு மட்டும் அவர்களைக் கடந்து போனது. சக்கரம் புல்லைத் தொட்டது, எழும்பியது, மறுபடி தொட்டது. ஓடி, வேகம் குறைந்து, வேலிக்கு நாற்பது ஐம்பது அடி முன்னால் நின்றது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காத்தாடி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். இடுப்புப் பட்டையைக் கழற்றவில்லை.

"இறங்கு. முதல்ல வெளியே வா நீ" என்றாள் ஸ்பானரம்மா.

"கால் வரலை அண்ணி. கொஞ்சம் இருங்க."

வாத்தியார் தங்கையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினார். சிலிண்டரைக் கீழே வைக்க மறந்து அதோடு சேர்த்துத்தான் தூக்கினார். புல்லில் நின்றதும் காத்தாடி சிரிக்கப் பார்த்தாள், முகம் கோணிக்கொண்டது.

"எதுக்கு மூடச் சொன்னீங்கன்னு இப்பவும் எனக்குப் புரியலை."

"அப்புறம் ஏன் மூடினே?"

"நீங்க ஓடி நான் பார்த்ததே இல்லை."

ஸ்பானரம்மாவுக்கு, இனி இதைத் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டோம் என்று தெரிந்தது. "என் தப்புடி. உங்கப்பா ரெண்டு மடிப்பு வெச்சிருந்த இடத்துல நான் ஒரு மடிப்பு வெச்சுட்டேன். களிமண் வெச்சும் பார்க்கலை. நேத்து நீ வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னதும் எனக்கு எல்லாம் மறந்து போச்சு. பார்த்துட்டேன்னு பொய் சொன்ன மாதிரிதான் மூடினேன்."

காத்தாடி தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். "நான் தடவிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா அண்ணி?"

தெரிந்திருக்காது என்று சொல்லலாம். அது எல்லோருக்கும் நல்லதாக இருக்கும், முக்கியமாக அவளுக்கு. வாத்தியார்கூட அந்தப் பதிலை எதிர்பார்த்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். கவுலிங்கின் கீழ் விளிம்பு அந்த இடத்தில் பக்கத்துத் தகட்டைவிட உள்ளே அமுங்கித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த விரலுக்கு அது தப்பியிருக்காது.

"தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

கோபமா, என்னவென்று காத்தாடியின் முகத்தில் படிக்க முடியவில்லை. ஸ்பானரம்மா கணவரைச் சிலிண்டரோடு இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வலது பக்கக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தாள். தகரம் சுட்டது. கவுலிங்கைத் தூக்கியதும் பெட்ரோல் வாசனை மூன்று பேர் முகத்திலும் அடித்தது.

குழாயில், வளைவு தொடங்கும் இடத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு பிறை. சுற்றிலும் பழைய உலோகம் மங்கலாக இருக்க, அந்தப் பிறை மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல் பளபளத்தது. அதன் நடுவில் முடி கனத்துக்கு ஒரு கோடு. கோட்டின் கீழே, வளைவில் வடியாமல் தங்கியிருந்த பெட்ரோல் ஒரு துளியாகச் சேர்ந்து, வெயிலைப் பிடித்துக்கொண்டு, கனத்து, விழுந்தது. புகைக் குழாயின் மேல் சுர்ரென்று ஒரு சத்தம். மெல்லிய ஆவி எழுந்து கலைந்தது. வாத்தியார் சிலிண்டரின் பூட்டு ஊசியை இழுத்துவிட்டு நின்றார்.

அடுத்த துளி சேரத் தொடங்கியது. ஸ்பானரம்மா கையை உள்ளே விட்டு, சுடுகிற குழாய்க்கும் அந்தத் துளிக்கும் நடுவே உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள். துளி விழுந்தது. ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. புறங்கை வெந்தது. காத்தாடி பக்கத்தில் வந்து நின்று குனிந்து பார்க்க, ஸ்பானரம்மா கையை எடுக்காமல் அடுத்த துளிக்காகக் காத்திருந்தாள்.